ஆயிரம் நாள் அவதானம்

காமாக் கதிர் வெடிப்பைப் பற்றி நம் பாடநூல்களும் செய்தித்தாள்களும் கூறுவன பெரும்பாலும் அதன் முதல் சில விநாடிகளைப் பற்றியனவே. சூரியன் தன் வாழ்நாள் முழுவதும் வெளியிடும் ஆற்றலோடு ஒப்பிடத்தக்க ஆற்றலைச் சில விநாடிகளில் கொட்டித் தீர்க்கும் நிகழ்ச்சி என்று எழுதினால் படிப்பவர் வியப்படைவர். அவ்வியப்பில் தவறில்லை. ஆயினும், அந்தச் சில விநாடிகளைக் கொண்டு மட்டும் நாம் அறிந்தது மிகக் குறைவு. வெடிப்பு எவ்வளவு தொலைவில் நிகழ்ந்தது, எத்தகைய சூழலில் நிகழ்ந்தது, அதிலிருந்து வெளிப்பட்ட மொத்த ஆற்றல் எவ்வளவு என்பனவற்றை நமக்கு அறிவித்தது, வெடிப்பு அடங்கிய பின் நாட்கணக்கிலும் மாதக்கணக்கிலும், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கிலும் தொடரும் மங்கிய பின்னொளிர்வே ஆகும். அப்பின்னொளிர்வின் கடைசிப் பகுதி ரேடியோ அலைகளில் கிடைக்கிறது. அப்பகுதியை அவதானிப்பதில் நம் நாட்டிற்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. அவ்வாய்ப்பிற்கு உரிய மதிப்பை நாம் இன்னும் அளிக்கவில்லை என்பது என் கருத்து.

வரலாற்றை முதலில் சுருக்கமாகக் காண்போம். 1963-ஆம் ஆண்டில் அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதனை மீறி எவரேனும் விண்வெளியில் குண்டு வெடிக்கின்றனரா என்று கண்காணிப்பதற்காக அமெரிக்கா வேலா என்னும் துணைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2-ஆம் நாள் அவற்றின் கருவிகளில் காமாக் கதிர்கள் திடீரெனப் பெருகிப் பின் அடங்கியமை பதிவாயிற்று. அது அணுகுண்டினால் விளைந்ததன்று. பின்னர்க் கிடைத்த இத்தகைய 16 நிகழ்ச்சிகளைத் தொகுத்து கிளீபசாடல், ஸ்ட்ராங், ஆல்சன் ஆகிய மூவரும் 1973-இல் வெளியிட்டனர். 1991 முதல் 2000 வரை இயங்கிய காம்ப்டன் விண்வெளி ஆய்வகம் 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்தது. அவை வானின் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகப் பரவிக் கிடந்தன. ஏறத்தாழ நாளுக்கு ஒன்று வீதம் நிகழ்கின்றன என்பதும் தெரிந்தது. இத்தனை பதிவுகள் இருந்தும், முதல் முப்பது ஆண்டுகளில் ஒரு வெடிப்பின் தொலைவையேனும் உறுதியாகக் கூற இயலவில்லை. பக்கத்து வீதியில் வெடித்த பட்டாசா, பத்துக் காதத்திற்கு அப்பால் வெடித்த மருந்துக் கிடங்கா என்று அறியாமல் ஓசையை மட்டும் கேட்டுக் கொண்டிருப்பவரின் நிலை அது.

1997-ஆம் ஆண்டில் நிலைமை மாறிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பிற்குப் பின், அதே இடத்தில் எக்ஸ் கதிர்கள் சிறிது சிறிதாக மங்குவதை பெப்போசாக்ஸ் என்னும் துணைக்கோள் கண்டது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியிலும் அம்மங்கல் காணப்பட்டது. மே 8-ஆம் நாள் வெடிப்பில் ஒளியைப் பகுத்து ஆராய்ந்து, அது நம் விண்மீன் மண்டலத்திற்கு வெளியே பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்தது என்று உறுதி செய்தனர். அதே வெடிப்பிற்குத்தான் முதன்முறையாக ரேடியோப் பின்னொளிர்வும் கிடைத்தது. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 27 அலைவாங்கிகளைக் கொண்டு நிற்கும் வி.எல்.ஏ. தொலைநோக்கியில், டேல் ஃபிரெயில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 8.46 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதனைக் கண்டனர். இத்தகைய ரேடியோ ஒளிர்வு தோன்றக்கூடும் என்று பசின்ஸ்கி, ரோட்ஸ் ஆகியோர் 1993-இலேயே முன்னுரைத்திருந்தனர் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும்.

அந்த முதற் பின்னொளிர்வில் ஒரு விந்தை இருந்தது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கூறினால் மாணவர் எளிதில் மறவார். முதல் சில வாரங்களில் அந்த ரேடியோ ஒளிர்வு ஒரு நாள் கூடியும் மறுநாள் குறைந்தும் பெரிதும் ஊசலாடிற்று. பின்னர் அவ்வூசல் தணிந்தது. இதற்குக் காரணம் வெடிப்பில் இல்லை; நமக்கும் அதற்கும் இடையே உள்ள வெளியில் இருந்தது. இரவு வானில் விண்மீன்கள் இமைக்கின்றன, கோள்கள் இமைப்பதில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே. விண்மீன் ஒரு புள்ளி போல் தோன்றுவதால், காற்றின் அசைவு அதன் ஒளியை முழுவதுமாக ஆட்டி வைக்கிறது. கோள் ஒரு சிறு வட்டு. அவ்வட்டின் ஒரு பகுதி மங்கும் போது மற்றொரு பகுதி பிரகாசிப்பதால் மொத்தத்தில் வேறுபாடு தெரிவதில்லை. விண்மீன்களுக்கிடையே உள்ள மின்னூட்டம் பெற்ற வாயுவும் ரேடியோ அலைகளுக்கு இவ்வாறே செய்கிறது. ஆகவே, முதலில் புள்ளி போல் இருந்து இமைத்த ஒளிர்வு, ஏறத்தாழ நான்கு வாரங்களில் இமையாத அளவிற்குப் பருத்துவிட்டது என்பது பொருள். அப்போது அதன் அளவு சுமார் ஒரு லட்சம் கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டனர். நான்கு வாரங்களில் ஒளி செல்லும் தொலைவு ஏறத்தாழ 72,000 கோடி கிலோமீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்து நோக்கினால், அப்பொருள் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் விரிந்தது என்பது விளங்கும். எந்தத் தொலைநோக்கியாலும் உருவம் காட்ட இயலாத அவ்வளவு சிறிய ஒன்றின் விரிவை, அது இமைப்பதை நிறுத்திய நாளைக் கொண்டு அளந்தார்கள்! உதகமண்டலத்திற்கு அருகே 530 மீட்டர் நீளத்தில் மலைச்சரிவோடு சாய்ந்து கிடக்கும் ரேடியோத் தொலைநோக்கியைக் கண்டவர்களுக்கு இவ்வகை ஆராய்ச்சி புதிதன்று. சூரியனிலிருந்து வீசும் துகட்காற்று, தொலைவிலுள்ள ரேடியோ மூலங்களை இமைக்கச் செய்வதை அத்தொலைநோக்கி பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறது.

இனி, பின்னொளிர்வு எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். பெருவிண்மீன் ஒன்றின் உட்பகுதி சரிந்து வீழும் போதோ, நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதி ஒன்றாகும் போதோ, ஒளியினும் மிகச் சிறிதே குறைந்த வேகமுடைய பொருட்டாரை ஒன்று குறுகிய கோணத்தில் பீறிட்டு வெளிப்படுகிறது. அது சுற்றியுள்ள மெல்லிய வாயுவை உழுது கொண்டு செல்லும் போது அதிர்ச்சி அலை எழுகிறது. அவ்வலையில் விரைவூட்டப் பெற்ற எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழன்று கதிர் வீசுகின்றன. தாரை வேகம் குறையக் குறைய அக்கதிர்வீச்சின் உச்சம் எக்ஸ் கதிரிலிருந்து கண்காணும் ஒளிக்கும், அதிலிருந்து ரேடியோ அலைக்கும் படிப்படியாக இறங்குகிறது. ரேடியோவிலும் சென்டிமீட்டர் அலைகள் முன்னும், மீட்டர் அளவுள்ள அலைகள் பின்னுமாக வருகின்றன. நீண்ட அலைகள் தாமதிப்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தொடக்கத்தில் ஒளிரும் பொருள் மிகச் செறிவாக இருப்பதால், தான் வீசிய நீண்ட அலைகளைத் தானே விழுங்கிக் கொள்கிறது; அது விரிந்து நெகிழ்ந்த பின்னரே அவை வெளியேறுகின்றன. ஈர விறகு மூட்டிய அடுப்பில், முதலில் எழும் புகை தணிந்த பிறகே உள்ளிருக்கும் கனல் கண்ணுக்குத் தெரிவது போன்றது இது.

தாமதமாக வருவதில் ஒரு பெரும் பயன் உண்டு. கை மின்விளக்கை நம் முகத்திற்கு நேரே ஒருவர் காட்டினால், அவ்விளக்கு எல்லாத் திசையிலும் அதே வலிமையோடு எரிகிறது என்று எண்ணிக் கணக்கிடுபவர் அதன் மின்கலத்தின் ஆற்றலைப் பன்மடங்கு மிகைப்படுத்திக் கூறுவார். காமாக் கதிர்களும் அவ்வாறே குறுகிய கற்றையாக நம்மை நோக்கி வருகின்றன. கற்றையின் கோணம் தெரியாத வரையில் மொத்த ஆற்றலைக் கூற இயலாது. ஆனால் நூற்றுக்கணக்கான நாட்கள் சென்ற பின், தாரை தளர்ந்து, அதன் ஒளிர்வு ஏறக்குறைய எல்லாத் திசைக்கும் பொதுவாகிறது. அப்போது ரேடியோ அலைகளை அளந்தால், கோணத்தை அறியாமலேயே வெடிப்பின் மொத்த ஆற்றலைக் கணக்கிடலாம். ஆகையால், முதல் நாள் பிரகாசத்தை மட்டும் குறித்து வைத்துக் கொண்டு தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பிவிடுபவர் கணக்கின் பாதியில் எழுந்து செல்பவரே ஆவார்.

இந்த இடத்தில்தான் நம் நாடு வருகிறது. புனே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், நாராயண்காவ் அருகே கோடத் என்னும் சிற்றூரில், மீட்டர் அலைப் பெருந்தொலைநோக்கி அமைந்துள்ளது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகள் 25 கிலோமீட்டர் பரப்பில் பரவி நிற்கின்றன. அவற்றுள் 14 ஒரு நடுச்சதுக்கத்திலும், மற்றவை மூன்று கிளைகளிலும் உள்ளன. கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் இதனை அமைத்தனர். தகட்டிற்குப் பதிலாகக் கம்பிவலையை இழுத்துக் கட்டி எடையையும் செலவையும் குறைத்த அவருடைய முறை பொறியியல் மாணவர்கள் படித்தறிய வேண்டிய ஒன்று. அண்மை ஆண்டுகளில் இத்தொலைநோக்கியின் ஏற்பிகள் புதுப்பிக்கப் பெற்று, அதன் உணர்திறன் உயர்ந்துள்ளது. நீண்ட அலைகளில் இதற்கு ஒப்பானவை உலகில் மிகச் சிலவே.

2003 மார்ச் 29-ஆம் நாள் வெடிப்பு, அந்நாள் வரை கண்ட வெடிப்புகளுள் நமக்கு அண்மையானவற்றில் ஒன்று. அதன் ரேடியோப் பின்னொளிர்வு மிகப் பிரகாசமாக இருந்தது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியும் நம் கோடத் தொலைநோக்கியும் சேர்ந்து, 325 மெகாஹெர்ட்ஸ் முதல் 8.4 கிகாஹெர்ட்ஸ் வரை, வெடிப்பிற்குப் பின் 268-ஆம் நாள் முதல் 1,128-ஆம் நாள் வரையுள்ள காலத்தை ஆராய்ந்தன. 1,128 நாள் என்பது மூன்று ஆண்டுகளுக்கு மேல். நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவன் பள்ளியிறுதித் தேர்வையும் கடந்து செல்லும் காலம் அது!

2017 டிசம்பர் 5-ஆம் நாள் வெடிப்பு இதனினும் அண்மையானது. தொலைவு ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு. புதுப்பிக்கப் பெற்ற தொலைநோக்கியைக் கொண்டு, புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தில் பூனம் சந்திரா முதலியோர், அவ்வெடிப்பை நான்காம் நாள் தொடங்கி ஏறக்குறைய ஆயிரம் நாள் வரை தொடர்ந்து நோக்கி, 2021-இல் முடிவுகளை வெளியிட்டனர். 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் காமாக் கதிர் வெடிப்பு ஒன்றின் பின்னொளிர்வு அதுவே முதன்முறையாகக் காணப்பட்டது. இச்செய்தி எத்தனை தமிழ் நாளிதழ்களில் வந்தது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடினால் மகிழ்ச்சி கிட்டும் என்ற நம்பிக்கையும் எனக்கில்லை. அன்றைய வெடிப்பின் முதல் விநாடிகளைப் பற்றியதாயின் தலைப்புச் செய்தியாக வந்திருக்கும்.

அதே 2017-ஆம் ஆண்டின் ஆகஸ்ட் 17-ஆம் நாள் நிகழ்ச்சி நம் வாதத்திற்கு மேலும் வலிமை சேர்க்கிறது. 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதின. ஈர்ப்பலையும் காமாக் கதிரும் ஒருங்கே கிடைத்தன, உலகமே பேசிற்று. ரேடியோவிலோ முதல் இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒன்றும் கிடைக்கவில்லை. பதினாறாம் நாளில் தெரிந்த ரேடியோ ஒளிர்வு, வழக்கம் போல் மங்குவதற்கு மாறாக, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வரை ஏறிக் கொண்டே சென்றது. அதன் பின்னரே இறங்கிற்று. தாரை நம்மை நேராக நோக்காமல் சற்று விலகி வீசியது என்பதை அந்த ஏற்றமும் இறக்கமும் உணர்த்தின. நம் கோடத் தொலைநோக்கியும் அவ்வேற்றத்தை நீண்ட அலைகளில் அளந்தது. பத்தாம் நாளோடு அவதானத்தை நிறுத்தியிருந்தால் "ரேடியோவில் ஒன்றுமில்லை" என்று எழுதி முடித்திருப்பர்.

"ஒன்றுமில்லை" என்பது பற்றிச் சிறிது நின்று பேச வேண்டும். ஏனெனில் இவ்விதழைப் படிக்கும் களப்பணியாளர்கள் பலருக்கு அது நாள்தோறும் எழுதும் சொல். 1997 தொடக்கம் முதல் 2011 தொடக்கம் வரை ரேடியோவில் தேடப்பட்ட 304 பின்னொளிர்வுகளைப் பூனம் சந்திராவும் டேல் ஃபிரெயிலும் தொகுத்து 2012-இல் வெளியிட்டனர். அவற்றுள் ரேடியோவில் கிடைத்தவை 95 மட்டுமே, நூற்றுக்கு 31. எஞ்சிய 209 வெடிப்புகளுக்கும் தொலைநோக்கியைத் திருப்பினார்கள், காத்திருந்தார்கள், கணக்கிட்டார்கள், கிடைக்கவில்லை. அவ்வுழைப்பு வீணாயிற்றா என்றால், இல்லை. "இந்த அளவிற்கு மேல் ஒளிர்வு இருந்திருந்தால் கண்டிருப்போம், காணவில்லை, ஆகவே அது இவ்வளவிற்கும் குறைவே" என்று எழுதுவது ஓர் அளவீடு. அவ்வாறு எழுதியவற்றையெல்லாம் சேர்த்து நோக்கிய பின்னரே, ரேடியோவில் தெரியாதவை யாவும் தொலைவினால் மங்கியவையா, இயல்பிலேயே மங்கலானவையா என்ற கேள்வியை எழுப்ப முடிந்தது.

மழைமானிப் பதிவேட்டை வைத்திருப்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. காலை 8.30 மணிக்குக் கருவியைத் திறந்து பார்த்து, உள்ளே ஒரு துளியும் இல்லையென்றாலும் "0.0" என்று எழுதுகிறார்கள். எழுதாமல் விட்ட கட்டமும், சுழி எழுதிய கட்டமும் ஒன்றல்ல. முதலாவது அறியாமை; இரண்டாவது அறிவு. பஞ்சம் வந்த ஆண்டை நாம் பின்னர்க் கண்டறிவது இந்தச் சுழிகளைக் கொண்டுதான். ஆயினும் நம் பள்ளிகளில் செய்முறைத் தேர்வில் எதிர்பார்த்த விடை கிடைக்காத மாணவன், பக்கத்து மேசையைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுகிறான். பல வேளைகளில் நாமே அவனை அவ்வாறு பழக்கிவிடுகிறோம். அவனுக்குப் பெயரளவில் மதிப்பெண் கிடைக்கிறது. அவதானம் என்பதன் பொருள் அவனுக்குக் கிடைக்காமல் போகிறது.

கொல்கத்தாவில் பணி செய்யும் தமிழன் என்ற முறையில், இந்நகருக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பைக் கூறாமல் விட மனமில்லை. ஜகதீச சந்திர போஸ் 1895-ஆம் ஆண்டளவில் அன்றைய கல்கத்தாவின் பிரெசிடென்சிக் கல்லூரியில் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரை நீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி, சுவர்களை ஊடுருவச் செய்து, அப்பால் மணி அடிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் செய்து காட்டினார். அலைகளை வாங்க அவர் அமைத்த கூம்பு வாயும், ஏற்பிக்காக அவர் கையாண்ட கலீனாப் படிகமும் பிற்காலக் கருவிகளுக்கு முன்னோடிகள். இன்று பின்னொளிர்வுகளின் தொடக்கக் கட்டத்தை மில்லிமீட்டர் அலைகளில் அளக்கும் வானியலார், அவர் கையாண்ட அலைநீளங்களின் எல்லைக்குள்ளும் அதனை ஒட்டியுமே பணி செய்கின்றனர். அவருக்குப் பின் சிசிர்குமார் மித்ரா இந்நகரின் பல்கலைக்கழகத்தில் அயனி மண்டல ஆராய்ச்சியை நிலைநாட்டினார். அவருடைய மேல் வளிமண்டலம் பற்றிய பெருநூல் 1947-இல் வெளிவந்தது.

அந்த அயனி மண்டல ஆராய்ச்சியின் வழியாகவே கொல்கத்தாவிற்குக் காமாக் கதிர் வெடிப்போடு நேரடித் தொடர்பும் ஏற்பட்டது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில், கட்டபொம்மன் பெயர் தாங்கிய கடற்படை நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலைபரப்புகிறது. ஒளியின் வேகத்தை அந்த எண்ணால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 16½ கிலோமீட்டர் என்று வரும். மாணவர்களுக்கு நல்ல கணக்கு. அவ்வலை தரைக்கும் அயனி மண்டலத்தின் அடிப்பகுதிக்கும் இடையே, இரு சுவர்களுக்கு நடுவே செல்வது போல், ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் கடந்து கொல்கத்தாவை அடைகிறது. இங்குள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தார் இவ்வகை மிகத் தாழ் அதிர்வெண் அலைகளை இடைவிடாது பதிவு செய்து வந்துள்ளனர். மேற்சுவராகிய அயனி மண்டலம் சிறிது அசைந்தாலும் பதிவில் கோடு துள்ளும். 2009-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் வெடிப்பின் காமாக் கதிர்கள் அம்மண்டலத்தைத் தாக்கியதால் உண்டான சிறு துள்ளலை அவர்கள் கண்டு, 2010-இல் வெளியிட்டனர். இத்தகைய விளைவை 1983 ஆகஸ்ட் 1-ஆம் நாள் வெடிப்பில் ஃபிஷ்மன், இனான் ஆகிய இருவர் முதலில் கண்டறிந்து 1988-இல் அறிவித்திருந்தனர். 2022 அக்டோபர் 9-ஆம் நாளின் மாபெரும் வெடிப்பும், 200 கோடி ஒளியாண்டுக்கு மேற்பட்ட தொலைவிலிருந்து வந்து நம் அயனி மண்டலத்தை அசைத்துச் சென்றது.

இது பின்னொளிர்வு அன்று என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெடிப்பின் கதிரே நம் வளிமண்டலத்தைத் தொடும் விளைவு இது. சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் முடிந்துவிடும். பின்னொளிர்வு வெடிப்பிடத்திலேயே நிகழ்வது. கோடத்தில் ஆயிரம் நாள் காத்திருந்து காண்பது. ஆயினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எப்போது வரும் என்று அறியாத ஒன்றிற்காக, ஒன்றும் நிகழாத நாட்களிலும் பதிவை நிறுத்தாமல் வைத்திருந்தவருக்கே அது கிடைத்தது.

ஒரு மொழிபெயர்ப்பாளனின் இடைக்குறிப்பு. கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைக்குப் "பின்னொளிர்வு" என்று பெயரிடுவது பொருந்துமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கோயில் மணியின் நாக்கு நின்ற பின்னும் தொடரும் "கார்வை" என்ற சொல்லை அவர் விரும்பினார். சொல் அழகானதே. ஆனால் கார்வை ஒரே சுருதியில் தேய்வது. இங்கோ சுருதியே இறங்கிக் கொண்டு போகிறது. அதனால் பின்னொளிர்வையே கொண்டேன். "வெடிப்பு" என்ற சொல்லிலும் எனக்கு முழு நிறைவில்லை. பாய்ச்சல் என்பதே நிகழ்வதற்கு நெருக்கமானது. வழக்கில் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவதால் நன்மையில்லை என்று விட்டுவிட்டேன்.

இனிக் கொள்கை பற்றிய பேச்சிற்கு வருவோம். முதலாவது, அமைதி. ரேடியோ வானியலார் ஜான்ஸ்கி என்னும் அலகால் அளக்கின்றனர். பின்னொளிர்வுகள் பெரும்பாலும் ஒரு ஜான்ஸ்கியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. ஒரு வாட் திறனுள்ள கைத்தொலைபேசி ஒன்றைச் சந்திரனில் வைத்தால், அது பூமியில் நூற்றுக்கணக்கான ஜான்ஸ்கி அளவிற்குத் தெரியும் என்று எளிதில் கணக்கிடலாம்; பின்னொளிர்வைக் காட்டிலும் இலட்சக்கணக்கான மடங்கு. அவ்வாறாயின், தொலைநோக்கிக்குப் பக்கத்து ஊரில் இயங்கும் கோபுரமும், தீப்பொறி கக்கும் மின்கம்பியும், பழுதான மோட்டாரும் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்மையில் புனேயிலிருந்து நாசிக் செல்லத் திட்டமிட்ட இரயில் பாதை தொலைநோக்கியின் அருகே செல்வதாக வரையப்பட்டமையால் ஆட்சேபம் எழுந்தது. பாதையை மாற்றியமைக்கப் போவதாக இரயில்வே அமைச்சகம் அறிவித்தது. அம்முடிவு சரியானதே என்பது என் கருத்து. ஆனால் அதனோடு நின்றுவிடுதல் சரியன்று. நாராயண்காவ் பக்கத்து உழவர் தம் காய்கறியை விரைவில் சந்தைக்கு அனுப்ப இரயிலை விரும்புவது இயல்பு. உலகத்திற்கெல்லாம் பயன்படும் அமைதியின் விலையை ஒரு வட்டத்து மக்கள் மட்டும் செலுத்துமாறு செய்வது முறையன்று. நல்ல சாலைகளும், பழுதற்ற மின்தடமும், இடையூறு செய்யாத முறையில் அமைத்த தொலைத்தொடர்பும் அவர்களுக்கு மற்றவர்களுக்கு முன்னதாகக் கிடைக்க வேண்டும். தீப்பொறி விடாத மின்தடம் தொலைநோக்கிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. அதனை அமைச்சகத்தின் கடிதத்தைக் காட்டிலும், கம்பத்தின் மேல் ஏறும் பணியாளர்தான் நிறைவேற்றி வைக்க முடியும்.

இரண்டாவது, காலம். கோடத் தொலைநோக்கியின் நேரம் ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, விண்ணப்பங்களைத் தரம் பார்த்து, பகிர்ந்தளிக்கப்படுகிறது. திடீரென நிகழ்வனவற்றிற்குத் தனி வழியும் உண்டு. இம்முறை நேர்மையானது, பலருக்கும் வாய்ப்பளிப்பது. ஆயினும் ஆயிரம் நாள் அவதானம் என்பது ஐந்தாறு சுற்றுகளைக் கடந்து செல்வது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய வெடிப்போடு பழைய வெடிப்பு போட்டியிட வேண்டியிருக்கிறது. புதியதற்குப் பேச்சுண்டு, பழையதற்கு இல்லை. மூன்றாம் ஆண்டிலும் ஒரே இடத்தை நோக்க வேண்டும் என்று கேட்பவர், புதிதாக ஒன்றும் சொல்லாதவர் போல் தோற்றமளிப்பார். ஆகவே, ஆண்டுதோறும் ஒரு சிறு பங்கு நேரத்தை, தேர்ந்தெடுத்த சில வெடிப்புகளின் நீண்ட காலத் தொடர்ச்சிக்கென்று முன்கூட்டியே ஒதுக்கி வைத்தல் நலம். மாதத்திற்குச் சில மணி நேரம் போதுமானது; பெருஞ்செலவு இல்லை. பிற நாடுகளில் பெரும்பாலான தொலைநோக்கிகள் குறுகிய அலைகளிலேயே வலிமை மிக்கவை. கடைசிக் கட்டத்தை நீண்ட அலைகளில் நாம் அளக்காவிட்டால், பல வெடிப்புகளுக்கு அதை அளப்பவர் இலர்; அதே வெடிப்பு மீண்டும் நிகழப் போவதும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பும் கூறப்படும். நம் ஆஸ்ட்ரோசாட் துணைக்கோள் 2015-இல் ஏவப்பட்டது முதல் நூற்றுக்கணக்கான வெடிப்புகளைக் கண்டது. மேலும் புதிய துணைக்கோள்களுக்கும் திட்டங்கள் உள்ளன. முதற் கணத்தைப் பிடிப்பதிலன்றோ நாடு பெருமை கொள்ள வேண்டும் என்பர். முதற் கணத்தைப் பிடிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. அக்கணம் பிடிபடாவிட்டால் எங்கே நோக்குவது என்பதே தெரியாது. ஆனால் துணைக்கோளுக்குச் செலவிடும் பெருந்தொகையில் விளையும் ஒவ்வொரு கண்டுபிடிப்பும், தரையில் சில மணி நேரத் தொடர்ச்சி கிடைக்காமையால் பாதிக் கணக்காக நின்றுவிடுவது சிக்கனம் ஆகாது.

மூன்றாவதாக ஒன்று, ஆசிரியர்களுக்கு. கோடத் தொலைநோக்கியில் எடுத்த பதிவுகள், அவற்றை எடுத்தவர்களுக்கென்று குறித்த காலம் கழிந்த பின், பொதுக் களஞ்சியத்தில் எவரும் கேட்டுப் பெறுமாறு வைக்கப்படுகின்றன. அவதான நேரத்திற்கும் எக்கல்லூரியினரும் விண்ணப்பம் செய்யலாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் கணிப்பொறியும் இருக்கிறது. முதுகலை மாணவர்க்கு ஆய்வுத் தலைப்புக் கிடைக்காத குறையும் இருக்கிறது. 1997-க்குப் பின் நிகழ்ந்த வெடிப்புகளின் இருப்பிடங்கள் எல்லாம் வெளியிடப்பட்டவை. வேறு காரணத்திற்காக எடுத்த பதிவுகளில் அவ்விடங்கள் தற்செயலாக அடங்கியுள்ளனவா என்று தேடிப் பார்ப்பது ஒரு மாணவர் ஓர் ஆண்டில் செய்யக்கூடிய பணி. பெரும்பாலானவற்றில் ஒன்றும் இராது. எவ்வளவிற்குக் குறைவாக ஒன்றும் இல்லை என்பதை அவர் அட்டவணையில் எழுதலாம்; அட்டவணையின் தலைப்பில் நாளும், அதிர்வெண்ணும், வெடிப்பிற்குப் பின் எத்தனையாவது நாள் என்பதும் தவறாமல் இருக்க வேண்டும்.